மைலேஜ் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

“வண்டி என்ன கொடுக்குது?” என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பதினெட்டு, இருபது என்று சட்டென்று பதில் வரும். எப்போதோ திருச்சிக்கோ மதுரைக்கோ போனபோது டிஸ்ப்ளேயில் பார்த்த எண்ணாக இருக்கும். அதே கார் தினமும் வேளச்சேரி சிக்னல்களில் நின்று நின்று போகும்போது எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். மாதாமாதம் நம் பணத்தைத் தின்பது அந்த ஓட்டம்தான்.

டிஸ்ப்ளே காட்டுவது காரின் கம்ப்யூட்டர் போடும் கணக்கு. பல கார்களில் அது உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். 500 ரூபாய்க்குப் போட்டுவிட்டு, முள் பழைய இடத்துக்கு வரும்வரை ஓட்டிப் பார்ப்பதும் நம்பத் தகுந்ததல்ல. முள் அவ்வளவு துல்லியமான கருவி இல்லை.

டேங்க் ஃபுல் செய்து ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். முக்கால் டேங்க் தீரும்வரை ஓட்டி, மறுபடி ஃபுல் செய்யுங்கள். ஓடியது 412 கிலோமீட்டர், இப்போது பிடித்தது 28.6 லிட்டர் என்றால் மைலேஜ் 14.4. இங்கேதான் ஒரு தவறு நுழையும். நாசில் ‘டக்’ என்று ஆட்டோ கட் ஆனதும், “ரவுண்டா மூவாயிரம் போட்டுடவா சார்?” என்று பங்க்கில் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு கூடுதலாகப் போனால் கணக்கு ஆடிவிடும். அதோடு, கழுத்துவரை நிரப்பினால் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே புகுந்து அதைக் கெடுத்துவிடலாம். முடிந்தவரை அதே பங்க், அதே பம்ப், முதல் கட்டோடு நிறுத்துவது நல்லது.

அப்படியும் ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆகும். 10 லிட்டர் கணக்கில் அந்த ஒரு லிட்டர் பத்து சதவீதப் பிழை. அதனால் ஒரே டேங்க்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். நான்கைந்து டேங்க் சேர்த்துப் பாருங்கள்.

சேர்க்கும்போது பலர் சறுக்குவார்கள். ஊருக்குள் 240 கிலோமீட்டர், மைலேஜ் 12. ஹைவேயில் 240 கிலோமீட்டர், மைலேஜ் 20. சராசரி 16 தானே? இல்லை. ஊருக்குள் 20 லிட்டர், ஹைவேயில் 12 லிட்டர், மொத்தம் 32 லிட்டர். 480-ஐ 32-ஆல் வகுத்தால் 15. எப்போதும் மொத்த கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும்.

இதைவிட ஏமாற்றும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு காரின் மைலேஜ் 10-லிருந்து 12-க்கு ஏறுகிறது, இன்னொன்றில் 20-லிருந்து 25-க்கு. எதில் மிச்சம் அதிகம்? ஆயிரம் கிலோமீட்டருக்கு முதல் காரில் கிட்டத்தட்ட 17 லிட்டர், இரண்டாவதில் 10 லிட்டர்தான். ஐரோப்பாவில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். செலவை ஒப்பிட அதுவே சரியான வழி.

கம்பெனி சொல்லும் ஏஆர்ஏஐ (வாகனங்களைச் சோதிக்கும் அமைப்பு) எண்ணோடு ஒப்பிட்டு வருந்தவும் வேண்டாம். அது ஆய்வகத்தில் உருளைகள்மேல் காரை ஓட்டி எடுத்தது. நம் ஊர் மே மாத வெயிலும் ஏசியும் அதில் இல்லை. சிஎன்ஜி காரின் எண்ணைப் பெட்ரோல் காரோடு வைத்துப் பார்ப்பதும் வீண், ஏனென்றால் அது கிலோ கணக்கு. ரூபாய்க்கு எத்தனை கிலோமீட்டர் என்று மாற்றிப் பாருங்கள். பழைய நோட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடும்போது, இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு.

பக்கத்து வீட்டுக் காரோடு ஒப்பிடுவதைவிட, உங்கள் காரைப் போன மாதத்து உங்கள் காரோடு ஒப்பிடுங்கள். தேதி, கிலோமீட்டர், லிட்டர், பக்கத்தில் ‘டயர் காற்று பிடித்தது’, ‘முழுக்க ஏசி’ என்று ஒரு வார்த்தை. டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடக்கும் சின்ன நோட்டு போதும்.

என் நோட்டில் 15-ஐ ஒட்டியே இருந்த எண், ஒருமுறை தொடர்ந்து இரண்டு டேங்க் 12.8 ஆனது. அதே ஆபீஸ் ரூட், அதே பங்க். காற்றைப் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்புறம் வண்டியை நிறுத்தியதும் நான்கு சக்கரங்களுக்கு அருகிலும் கையைக் கொண்டுபோனேன். பின்பக்க இடது பிரேக் டிரம்மில் மட்டும் அனல் அடித்தது. பிரேக் ஷூ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. தெருமுனை மெக்கானிக் பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தார். அடுத்த டேங்க் 14.9.