ஜூரி வேண்டுமென்று டிக் அடித்தேன், நீதிபதிதான் கிடைத்தார்

கலிஃபோர்னியாவில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்கு வந்தவர்களுக்குப் படிவம் நிரப்ப உதவுகிறேன். போன வாரம் ஒருவர் கொண்டுவந்த கோப்பைப் பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. என் மீது இதே மாதிரி வழக்கு வந்தபோது நான் செய்த அதே தவறு. தேதியைத் தவறவிடாதீர்கள் என்பதையெல்லாம் சொல்லப்போவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். ஜூரி விசாரணையைக் கைநழுவ விடும் தவறுகள் மட்டும் இங்கே.

கட்டண விலக்கு கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பது

பொதுமக்களில் சிலர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி நம் ஊரில் பழங்கதை. இங்கே அது மாநில அரசியல் சட்டம் தரும் உரிமை. ஆனால் 150 டாலர் கட்ட வேண்டும், அதுவும் விசாரணைத் தேதிக்குக் குறைந்தது 5 நாள் முன்பே. கட்டாவிட்டால் உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்ததாகக் கணக்கு.

என்னிடம் பணம் இல்லை. நீதிமன்றக் கட்டண விலக்கு கேட்கும் எஃப்டபிள்யூ-001 படிவத்தைக் கொடுத்தேன், விலக்கு கிடைத்தது. முத்திரை விழுந்த உத்தரவை பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அதிலேயே 'கூடுதல் விலக்கு' என்ற பகுதியில் ஜூரி கட்டணத்துக்கு எதிரே இருந்த கட்டம் காலி! அதைக் கேட்க எஃப்டபிள்யூ-002 என்று தனிப் படிவம் இருக்கிறது. கவுண்டரில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குளியலறைப் பூஞ்சையைப் படமெடுத்து வைத்திருந்தேன். ஜூரியில் 12 பேரில் 9 பேர் ஒத்துக்கொண்டால் போதும், வாடகைக்கு இருந்தவர்களுக்குப் புரியும் என்று நம்பினேன். நீதிபதி கோப்பைப் புரட்டினார், "கட்டணம் வரவில்லையே" என்றார். அவரே விசாரித்தார், அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. தவறவிட்ட உரிமையைத் திருப்பிக் கொடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அதைக் கேட்கலாம் என்றுகூட எனக்குத் தெரியாது.

போன வாரம் வந்தவருக்கு விசாரணைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அன்று மதியமே 002-ஐக் கொடுத்தோம்.

வீட்டுக்காரர் கட்டிவிட்டாரே என்று இருப்பது

அவர் கட்டியது அவருக்கு. உங்கள் தரப்பும் தனியாகக் கட்ட வேண்டும்.

யுடி-150க்குப் பதில் போடாமல் விடுவது

விசாரணைத் தேதி கேட்டு வீட்டுக்காரர் அனுப்பும் படிவம் அது. அதில் அவர் 'ஜூரி வேண்டாம்' என்று டிக் அடித்திருந்தால், அதே படிவத்தில் உங்கள் எதிர்க்கோரிக்கையைக் கொடுங்கள். கோரிக்கை போன 20 நாளுக்குள் விசாரணை வைக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் ஆற அமர யோசிக்க நேரம் இருக்காது.

"ஒப்பந்தத்தில் ஜூரி வேண்டாமென்று கையெழுத்துப் போட்டுவிட்டேனே"

குடியிருக்கும் வீடென்றால் கலிஃபோர்னியாவில் அந்த நிபந்தனை செல்லாது.

நாள் கடத்த மட்டும் ஜூரி கேட்பது

வேண்டாம். விலக்கு இல்லாவிட்டால் ஜூரிகளின் தினப்படியும் உங்கள் தலையில் விழும்.