தக்காளி ஜாமைத் தொக்கு மாதிரி கிண்டாதீர்கள்

மாடியில் பத்துப் பை தக்காளி வைத்தவர்களுக்குத் தை, மாசியில் என்ன நடக்கும் என்று தெரியும். அதுவரை நாளுக்கு இரண்டு பழம் கொடுத்து ரசத்துக்கே போதாமல் இருந்த செடிகள், திடீரென்று ஒரே வாரத்தில் மூன்று நான்கு கிலோ சிவக்கச் சிவக்கக் காய்த்துத் தள்ளும். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, தொக்கு செய்து, அதற்கு மேலும் மீந்தால் ஜாம் செய்யலாமே என்று தோன்றும். தாராளமாகச் செய்யலாம். நம் வீட்டுப் பழத்தில் பதமாக வந்த ஜாமைச் சப்பாத்திக்குத் தொட்டுச் சாப்பிட்டவர்கள் அடுத்த வருஷம் ஜாமுக்காகவே இரண்டு பை கூடுதலாக வைப்பார்கள். நான் அப்படித்தான் வைக்கிறேன்.

ஆனால் முதல் இரண்டு வருஷமும் எனக்குச் சரியாக வரவில்லை. ஒரு வருஷம் மூன்றாவது வாரத்தில் மேலே பூஞ்சை படர்ந்தது, அடுத்த வருஷம் கரண்டி இறங்காத அளவுக்குக் கல்லாகி, நிறமும் பழுப்பாகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் இரண்டு முறையும் நான் செய்தது ஒரே தவறு: தொக்கு செய்து பழகிய கையோடு ஜாமும் செய்தேன். பச்சையாக மிக்ஸியில் அடித்து, குழிந்த கடாயில் ஊற்றி, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் கிண்டுவது தொக்குக்குச் சரி, எண்ணெயும் உப்பும் மிளகாயும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஜாமில் அவை எதுவும் கிடையாது. ஜாம் இறுகுவதும் கெடாமல் நிற்பதும் பழத்தில் உள்ள பெக்டின் (கூழை இறுகவைக்கும் இயற்கைப் பசை), புளிப்பு, சர்க்கரை என்ற மூன்றும் சரியான அளவில் சேர்வதால்தான். தக்காளியில் பெக்டின் குறைவு, புளிப்பு அரைகுறை, தண்ணீர் மட்டும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். அதனால் சின்னத் தவறுகூட இதில் பெரிதாகத் தெரியும்.

பழம் பறிப்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஜாம் இனிப்புதானே என்று நன்றாகக் கனிந்து தொளதொளவென்று ஆன பழங்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறோம். பழம் கனியக் கனிய அதில் உள்ள பெக்டின் உடைந்துகொண்டே போகும், பழம் மெத்தென்று ஆவதே அதனால்தான். நான்கு பங்கு பழத்துக்கு ஒரு பங்கு செங்காய் சேர்த்துப் பாருங்கள், தோள் பக்கம் இன்னும் பச்சை மாறாத காயாக இருந்தால் நல்லது. புளிப்பும் கூடும், இறுக்கமும் வரும். ரகம் என்று பார்த்தால் நாட்டுத் தக்காளிக்கு ருசியும் புளிப்பும் அதிகம், சாறும் அதிகம். பெங்களூர் தக்காளி என்று நாம் சொல்லும் கெட்டி ரகத்தில் சதை அதிகம், புளிப்பு கம்மி. இரண்டும் இருந்தால் பாதிப் பாதி கலப்பேன், ஒன்றுதான் என்றால் நாட்டுத் தக்காளிதான், கொஞ்சம் கூடுதல் நேரம் வற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

காய்ப்புழு துளைத்தது, ஒரு பக்கம் அழுகியது, கொடி காய்ந்த பிறகு பிடுங்கிப் பறித்தது, இவற்றை 'வெட்டிவிட்டுப் போட்டால் என்ன, வேகத்தானே போகிறது' என்று ஜாமில் சேர்ப்பது தவறு. அழுகிய பழத்திலும் செத்த செடியின் பழத்திலும் புளிப்புக் குறைந்துவிடும், அந்தப் புளிப்புதான் ஜாமுக்குக் காவல். சின்னக் குறை உள்ள பழத்தை வெட்டி அன்றைக்கே சாம்பாரில் போடுங்கள். இன்னொன்று, வேப்பெண்ணெயோ பூண்டு மிளகாய்க் கரைசலோ தெளித்திருந்தால் தோலில் அந்தக் கசப்பும் வாசனையும் நிற்கும், சில நாள் விட்டுப் பறித்து நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

தோட்டத்துப் பழம் ஒரே நாளில் இரண்டு கிலோ கிடைக்காது. சேர்த்து வைக்கிறேன் என்று பத்து நாள் கூடையில் போட்டு வைத்தால் முதலில் பறித்தது வீணாகிவிடும். கழுவித் துடைத்து முழுப் பழமாக ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். வேண்டிய அளவு சேர்ந்ததும் எடுத்துக் குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிஷம் காட்டினால் தோல் தானாகக் கழன்று வரும். ஆனால் அதை இளகட்டும் என்று கிண்ணத்தில் அரை நாள் வைக்காதீர்கள், ஐஸ் கட்டியாக இருக்கும்போதே சூடான பாத்திரத்தில் போட்டுவிடுங்கள். ஏன் என்பதில்தான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான விஷயம் இருக்கிறது.

தக்காளியை நறுக்கினாலோ அரைத்தாலோ, அதில் உள்ள நொதிகள் வெளியே வந்து உடனே பெக்டினைத் தின்ன ஆரம்பிக்கும். பச்சையாக மிக்ஸியில் அடித்து ஒரு பத்து நிமிஷம் வைத்துப் பாருங்கள், கீழே நீரும் மேலே சக்கையுமாகப் பிரிந்து நிற்கும். அது எவ்வளவு கிண்டினாலும் கூழாகுமே தவிர ஜாமாக இறுகாது. தக்காளி பேஸ்ட் செய்யும் தொழிற்சாலைகளில் கெட்டியாக வேண்டும் என்றால் நசுக்கிய உடனே 90 டிகிரி அளவுக்குச் சூடேற்றுவார்கள், சூட்டில் அந்த நொதிகள் செயல் இழந்துவிடும். வீட்டிலும் அதையே செய்யலாம். அகலமான பாத்திரத்தை அடுப்பில் வைத்துச் சூடாக்கி, கைப்பிடி கைப்பிடியாக நறுக்கி நறுக்கிப் போட்டு, போட்டதை மரக்கரண்டியால் நசுக்கி, கொதி வந்த பிறகு அடுத்த கைப்பிடி போடுங்கள். எல்லாவற்றையும் நறுக்கிக் குவித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். எனக்கு ஜாம் ஒழுங்காக வர ஆரம்பித்தது இதை மாற்றிய பிறகுதான்.

மிக்ஸி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் விதை. விதை உடைந்தால் ஒரு கசப்பு இறங்கும். அதற்காக விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான பகுதியைத் தோண்டி எறிவதும் தவறு, தக்காளியின் புளிப்பும் ருசியும் அதில்தான் அதிகம். வெந்ததும் கண் சிறிய சல்லடையில் கரண்டியால் தேய்த்து வடித்தால் தோல், விதை இரண்டும் மேலே நின்றுவிடும், வேண்டியதெல்லாம் கீழே இறங்கிவிடும். விதை தட்டுப்படுவது பிடிக்கும் என்பவர்கள் தோலை மட்டும் உரித்துவிட்டு அப்படியே செய்யலாம். பழத்தின் அடியில் சிலுவையாகக் கீறி, கொதிக்கும் நீரில் ஒரு நிமிஷம், உடனே பச்சைத் தண்ணீர், தோல் வந்துவிடும்.

இப்போது புளிப்பு. தக்காளி புளிக்கத்தானே செய்கிறது, எலுமிச்சை எதற்கு என்று கேட்பார்கள். தக்காளியின் பி.ஹெச் அளவு (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பெரும்பாலும் 4.3-க்கும் 4.9-க்கும் இடையில் இருக்கும். புட்டியில் அடைத்து வைக்கும் பண்டத்துக்கு 4.6 என்பது எல்லைக்கோடு, அதற்கு மேல் போனால் போட்டுலிசம் என்ற உயிர்க்கொல்லி நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்பு உண்டு. அதாவது நம் தக்காளி கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நாக்கை வைத்துச் சொல்ல முடியாது. இது தவிர, பெக்டின் இறுக வேண்டுமானால் பி.ஹெச் 3.5-க்குக் கீழே, 3-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஆக எலுமிச்சை கட்டாயம். வடித்த கூழ் ஒரு கிலோவுக்கு 60 மில்லி சாறு, நம் ஊர்ப் பழம் என்றால் மூன்று நான்கு ஆகும். அவ்வளவு பழம் இல்லையென்றால் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) ஒரு தேக்கரண்டி. புளிக்கரைசல் வேண்டாம், நிறம் கறுக்கும், வாயில் வைத்தால் தொக்கு ஞாபகம்தான் வரும்.

பெக்டினுக்குக் கடையில் தூள் வாங்க வேண்டியதில்லை. முக்கால் பழுத்த கொய்யா ஒன்றைத் துண்டாக்கித் தக்காளியோடு வேகவிட்டு, அதோடு சேர்த்து வடித்துவிடுங்கள். கொய்யாவில் பெக்டின் தாராளம், ஒரு கிலோவில் ஒரு பழம் சேர்ந்தது ருசியில் தெரியாது. எலுமிச்சை விதைகளை ஒரு துணியில் முடிந்து போடுவதும் உதவும், இறக்கும்போது மறக்காமல் பிழிந்து எடுத்துவிடுங்கள்.

சர்க்கரை விஷயத்தில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள். ஆரம்பத்திலேயே கொட்டிவிடுவது ஒன்று. ஒரு கிலோ கூழில் அரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் வற்ற வேண்டும், அத்தனை நேரமும் சர்க்கரை கொதித்தால் கருகல் நிறமும் பாகு வாசனையும் வந்து தக்காளி வாசனை போய்விடும். முதலில் கூழை மட்டும் நல்ல தீயில் பாதியளவாக வற்றவிட்டு, பிறகு சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, அங்கிருந்து பதினைந்து இருபது நிமிஷத்தில் முடித்துவிட வேண்டும். சர்க்கரை கரைகிற வரைக்கும் தீயைக் குறைத்துக்கொள்ளுங்கள், கரையாத சர்க்கரை கொதித்தால் அடியும் பிடிக்கும், பிறகு புட்டியில் மணல் மாதிரி பூத்தும் போகும்.

இன்னொன்று, உடம்புக்கு நல்லது என்று சர்க்கரையைக் கால்வாசியாகக் குறைப்பது. குறைவாகச் சாப்பிடுவதுதான் அதற்கு வழி, குறைவாகப் போடுவது இல்லை. ஜாமில் சர்க்கரை ருசிக்கு மட்டும் இல்லை, தண்ணீரைக் கிருமிக்குக் கிடைக்காமல் பிடித்து வைப்பதும் அதுதான். கடையில் விற்கும் ஜாமில் கரைதிடப்பொருள் (கரைந்திருக்கும் சர்க்கரை முதலானவை) குறைந்தது 65 சதவீதம் இருக்க வேண்டும் என்று நம் நாட்டு உணவு விதியே சொல்கிறது. வற்றுவதற்கு முன் இருந்த கூழ் ஒரு கிலோவுக்கு முக்கால் கிலோ சர்க்கரை என்பது நான் போடும் அளவு. அதற்குக் கீழே போனால் அதை ஃப்ரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு வாரத்தில் தீர்த்துவிட வேண்டும், அலமாரியில் வைக்கக் கூடாது. நாட்டுச் சர்க்கரை போட்டும் செய்து பார்த்தேன், ருசி மோசமில்லை, ஆனால் நிறம் மங்கி, வெல்ல வாசனை தக்காளியை மூடிவிடுகிறது.

பாத்திரம் அடி கனத்த, அகலமான எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத பித்தளை எதுவும் இவ்வளவு புளிப்புக்கு ஆகாது. பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், சர்க்கரை சேர்த்ததும் பொங்கி மேலேறும், தெறித்தால் கையில் ஒட்டிக்கொண்டு சுடும். மூன்று கிலோ இருக்கிறதே என்று ஒரே தடவையில் போடவும் வேண்டாம். அளவு கூடினால் வற்றும் நேரம் கூடும், நேரம் கூடினால் நிறமும் பெக்டினும் போகும். ஒவ்வொரு கிலோவாகச் செய்யுங்கள்.

பதம் பார்ப்பதில்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள். பாத்திரத்திலேயே ஜாம் மாதிரி கெட்டியாகத் தெரிகிற வரைக்கும் கிண்டினால் ஆறியதும் கல்தான், சூட்டில் அது சற்று இளக்கமாகத்தான் இருக்க வேண்டும். பாகுக்குப் பார்ப்பது போல விரலில் தொட்டுக் கம்பிப் பதம் பார்ப்பதும் இங்கே உதவாது, கூழ் கலந்திருப்பதால் கம்பி வருவது தெரியாது. கிண்ட ஆரம்பிக்கும்போதே ஒரு சிறு தட்டை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பதம் வந்தது போல இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு சொட்டு அந்தத் தட்டில் விட்டு, ஒரு நிமிஷம் கழித்து விரலால் தள்ளினால் மேலே ஆடை போலச் சுருக்கம் விழ வேண்டும். விரல் போன தடத்தில் தண்ணீர் ஓடி வந்து சேர்ந்தால் இன்னும் இரண்டு மூன்று நிமிஷம். அணைக்காமல் சோதித்துக்கொண்டிருந்தால் சோதிக்கிற நேரத்திலேயே பதம் தாண்டிவிடும்.

வெப்பமானி இருந்தால் 105 டிகிரி. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் இந்த எண்ணை நம்பக் கூடாது, அந்த உயரத்தில் தண்ணீரே 93 டிகிரி பக்கத்தில் கொதித்துவிடும். உங்கள் ஊரில் தண்ணீர் கொதிக்கும் சூட்டோடு ஐந்து டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். வெப்பமானியே இல்லாமல் நான் நம்புவது தராசை. வெறும் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்து வைத்துக்கொண்டால், போட்ட சர்க்கரையைப் போல ஒன்றரை மடங்குக்கு ஜாம் வந்ததும் இறக்கிவிடலாம். முக்கால் கிலோ சர்க்கரைக்கு 1,125 கிராம். போன மாசியில் என் எவர்சில்வர் குண்டான் 840 கிராம், ஜாமோடு 1,970 காட்டியபோது இறக்கினேன், தட்டில் விட்ட சொட்டும் அதே நேரத்தில் சுருங்கியது.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டுப் புட்டியில் கோட்டை விடுவார்கள். பழைய ஊறுகாய்ப் புட்டியின் மூடியில் வாசனை போகவே போகாது, மூடியை மட்டுமாவது புதிதாக வாங்குங்கள். கண்ணாடிப் புட்டியைப் பத்து நிமிஷம் தண்ணீரில் கொதிக்கவைத்து, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஜாம் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே, புட்டியும் சூடாக இருக்கும்போதே ஊற்றி, மேலே அரை சென்டிமீட்டர் விட்டு, விளிம்பைத் துடைத்து, உடனே மூடிவிட வேண்டும். புட்டியைக் கிரானைட் மேடையில் நேரடியாக வைத்தால் விரிசல் விடும், கீழே ஒரு மடித்த துணியோ பலகையோ போட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் மோசமானது வெதுவெதுப்பாக ஆறவிட்டு மூடுவது. கிருமியைக் கொல்ல அந்தச் சூடு போதாது, ஆனால் ஆவி மேலே போய் மூடியில் முத்து முத்தாகக் கோத்து ஜாமின் மேல் சொட்டும். சொட்டிய இடத்தில் சர்க்கரை நீர்த்துப்போகும், முதல் பூஞ்சை அங்கேதான் வரும். எனக்கு முதல் வருஷம் நடந்தது இதுதான்.

பூஞ்சை வந்துவிட்டால் மேலாக வழித்து எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம் என்பார்கள். வேண்டாம். கண்ணுக்குத் தெரிவது மேலே இருந்தாலும் நஞ்சு உள்ளே இறங்கியிருக்கலாம், புட்டியோடு போகட்டும். இறுகாமல் ஓடுகிற ஜாமை மட்டும் அப்படி வீணாக்க வேண்டியதில்லை. மறுநாளே அகலப் பாத்திரத்தில் ஊற்றி, இன்னொரு எலுமிச்சையும், கொய்யாவை வேகவைத்து வடித்த சாறு அரைக் கிண்ணமும் சேர்த்து வேகமாக ஒரு கொதி விட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். கல்லாகிப் போனதை வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி இளக்கலாம், ஆனால் அப்புறம் அது ஃப்ரிட்ஜுக்குத்தான்.

மூடியில் தேதி எழுதுங்கள். திறந்த புட்டி ஃப்ரிட்ஜில், ஒரு மாதத்துக்குள் தீர்க்கிற அளவுக்குச் சின்னப் புட்டிகளாகவே நிரப்பினால் நல்லது. 200 கிராம் புட்டி எங்கள் வீட்டுக்குச் சரியாக இருக்கிறது, ஈரக் கரண்டி போட்டுக் கெட்டாலும் ஒரு புட்டியோடு போய்விடும்.