முயலின் காதில் பொருக்கு: பிய்த்து எடுக்காதீர்கள்

முயல் பின்னங்காலைத் தூக்கிக் காதைச் சொறியும்போது, கொசு கடித்திருக்கும் என்று விட்டுவிடுகிறோம். எப்போதாவது சொறிந்தால் பரவாயில்லை. ஆனால் அடிக்கடி தலையை உதறினாலோ, எப்போதும் நிமிர்ந்து நிற்கிற காது தொங்கினாலோ, அன்றைக்கே டார்ச் அடித்துக் காதுக்குள் பார்த்துவிட வேண்டும்.

எங்கள் வெள்ளை முயலின் காதுக்குள் காய்ந்த சேறு மாதிரி பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. அழுக்கு என்று நினைத்து, ஈரப் பஞ்சால் ஓர் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தேன். முயல் கிறீச்சென்று கத்தியது. முயல் அவ்வளவு சீக்கிரம் குரல் எழுப்பாது. தாங்க முடியாத வலியோ பயமோ வந்தால்தான் கத்தும். பொருக்கு பிய்ந்து வந்த இடத்தில் தோலே இல்லை, சிவந்த சதையும் ரத்தமும்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

இதைத்தான் காதுச் சொறி என்கிறார்கள். சோரோப்டெஸ் என்ற நுண்ணிய உண்ணி காதின் உள்தோலைப் புண்ணாக்குகிறது. கசியும் நீரும் செத்த தோலும் உண்ணியின் கழிவும் சேர்ந்து காய்ந்து, அடுக்கடுக்காகப் பொருக்காகிவிடும். உண்ணி செத்து, அடியில் புதுத்தோல் வந்தால் பொருக்கு தானாகவே உதிரும். நம் கை பட வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்த தவறு, மருந்தை நாமே அளப்பது. இதற்குப் பெரும்பாலும் ஐவர்மெக்டின் கொடுப்பார்கள். மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தில் பொதுவாக 1 மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கும். முயலுக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று வைத்தால், 2 கிலோ முயலுக்கு வேண்டியது 0.04 மில்லிதான். ஒரு சொட்டுகூட இல்லை! கண்ணளவில் இழுத்தால் பல மடங்கு ஏறிவிடும். அதனால் முயலை எடை போட்டு, கால்நடை மருத்துவர் கையால் போடுவதே சரி.

அப்புறம், ஒரே ஊசியோடு நிறுத்திவிடுவது. இந்த மருந்து உண்ணியின் முட்டைகளைக் கொல்லாது. முட்டையிலிருந்து வளர்ந்து மறுபடி முட்டையிட ஏறக்குறைய 3 வாரம் ஆகும் என்பதால், 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை மருந்து தருவார்கள். முதல் ஊசியிலேயே சொறிவது நின்றுவிடுவதால், சரியாகிவிட்டது என்று நாம் போகாமல் இருந்துவிடுகிறோம்.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து வீட்டில் இருக்கிறதே என்று முதுகில் விடாதீர்கள். ஃபிப்ரோனில் கலந்த மருந்து முயலின் உயிரையே எடுத்துவிடும். நமக்குப் புண் வந்தால் விழுங்கும் அமாக்ஸிசிலினும் அப்படித்தான். வாய்வழியே கொடுத்தால் குடலிலுள்ள நல்ல கிருமிகள் அழிந்து, கடும் கழிச்சல் கண்டு முயல் செத்துப்போகலாம். ஸ்டீராய்டு கலந்த களிம்பும் வேண்டாம். தலையோடு குளிப்பாட்டினால் முயல் நடுங்கி மிரளும், சொறி அப்படியேதான் இருக்கும்.

இரண்டு முயல் இருந்தால், சொறி தெரியாத முயலுக்கும் சேர்த்தே மருந்து கொடுக்க வேண்டும். கூண்டில் உதிர்ந்த பொருக்கிலும் உண்ணி பல நாள் உயிரோடு இருக்கும். பழைய வைக்கோலையும் சாக்கையும் எரித்துவிட்டு, கூண்டை வெந்நீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காய வையுங்கள்.

காதில் வருவதெல்லாம் இந்தச் சொறியும் இல்லை. காதின் விளிம்பு, மூக்கு, பாதம் என்று செதில் பரவினால் அது வேறு வகை உண்ணி. வட்டமாக முடி கொட்டினால் பூஞ்சையாக இருக்கலாம். இவை இரண்டும் நமக்கும் ஒட்டும். முயலைத் தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகளின் கையில் அரிப்போ வட்டத் தடிப்போ இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். மருத்துவர் கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் எதுவென்று தெரியும்.

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் தொற்று உள்காது வரைக்கும் போயிருக்கலாம். அரை நாளாக வைக்கோல் கடிக்கவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றாலும் ஆபத்துதான். அன்றைக்கு விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.