போனவர் பெயரில் சர்வீஸ் ஓடக்கூடாது

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சர்வர் பார்த்தபோது, தைப்பூசத்துக்கு முந்தின இரவு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு பேக்கப் சர்வீஸ், அதாவது பின்னணியில் தானாக ஓடி நகலெடுக்கும் நிரல், எழவே இல்லை. வேலையை விட்டுப் போனவரின் சொந்தக் கணக்கில் அது ஓடியிருக்கிறது, கணக்கை மூடிவிட்டார்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகவேண்டியவன் விடியும்வரை சர்வர் அறையில் இருந்தேன்.

முதலில் ஒவ்வொரு விண்டோஸ் சர்வரிலும் சர்வீசஸ் ஜன்னலைத் திறந்து, எது யார் கணக்கில் ஓடுகிறது என்று காட்டும் 'லாக் ஆன் ஆஸ்' பத்தியைப் பாருங்கள். டொமைன் அட்மின் கணக்கில், அதாவது நிறுவனத்தின் கணினிகளையும் கணக்குகளையும் ஒருசேர நிர்வகிக்கும் டொமைனின் தலைமைக் கணக்கில், ஏதாவது ஓடினால் அதைத்தான் முதலில் மாற்றவேண்டும். சர்வீஸின் கடவுச்சொல் அந்தக் கணினியிலேயே சேமிக்கப்படுகிறது. அங்கே அட்மின் உரிமை பிடித்தவன் அதை உருவி எடுத்துவிடுவான், பிறகு மொத்த நெட்வொர்க்கும் அவன் கையில்.

மாற்று, விண்டோஸ் சர்வர் 2012-இல் வந்த குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுண்ட். கடவுச்சொல்லை டொமைனே உருவாக்கி, வழக்கமாக 30 நாளுக்கொரு முறை மாற்றும். எவரும் அதை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. இந்தக் கடவுச்சொற்களை உருவாக்க டொமைனுக்குத் தேவையான மூலச் சாவி கேடிஎஸ் ரூட் கீ. அதை முதன்முறை உருவாக்கியதும் 10 மணி நேரம் பொறுங்கள், அவசரப்படாதீர்கள். கடவுச்சொல்லைப் பெறும் உரிமையைத் தேவையான சர்வர்களுக்கு மட்டும் கொடுங்கள். சர்வீஸில் கணக்கின் பெயரை டாலர் குறியோடு முடித்து, கடவுச்சொல் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

இதை ஏற்காத பழைய மென்பொருளுக்குத் தனிக் கணக்கு, நீளமான கடவுச்சொல். ரிமோட் டெஸ்க்டாப் நுழைவை அதற்கு மூடிவிடுங்கள்.