50000 என்று போட்ட பவர்பாங்கை வாங்க முதல்

பவர்பாங்க் வாங்கக் கடைக்குப் போனால் பெட்டியின் முன்பக்கத்தை விடுங்கள், திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்தில் 20000, 30000, 50000 என்று கொட்டை எழுத்தில் இருப்பது விற்கிறவருக்கு உதவுகிற எண். உங்களுக்கு உதவுகிற எண் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது, இல்லை என்பதே ஒரு பதில்தான். அதை வாசிக்கப் பழகிவிட்டால் கிளிநொச்சி டவுன் கடையிலும் சரி, வற்றாப்பளைப் பொங்கலுக்கு வீதியோரம் போடுகிற கடையிலும் சரி, உங்கள் காசு வீணாகாது.

இதை இவ்வளவு அக்கறையாக எழுதக் காரணம் இருக்கிறது. வன்னியில் பவர்பாங்க் ஆடம்பரச் சாமான் இல்லை. கரண்டே இல்லாத போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்திலும், 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் 13 மணித்தியாலம் கரண்டை வெட்டியபோதும், போனில் சார்ஜ் இருக்கிறதா என்பது பெரிய கேள்வியாக இருந்தது. இன்றைக்கும் யானைக்காவலுக்கு வயலில் இரவு முழுக்க இருக்கிறவருக்கும், விடியப்புறம் கடலுக்குப் போகிறவருக்கும் வீட்டோடு பேச அந்த ஒரு போன்தான். நாட்கூலியில் மிச்சம் பிடித்துப் பவர்பாங்க் வாங்குகிற ஒருவருக்குப் பொய் எண்ணைக் காட்டி விற்பது சின்ன விசயம் இல்லை.

சரி, எண்ணுக்கு வருவோம். பெட்டியின் முன்பக்க எண்ணோடு இருக்கிற எம்ஏஎச் (mAh) என்பது உள்ளே இருக்கிற பற்றரியின் கொள்ளளவு, அது 3.7 வோல்ட்டில் சொல்லப்படுகிறது. போனுக்கு வெளியே வருவதோ 5 வோல்ட் அல்லது அதற்கு மேல். அதனால் எம்ஏஎச்சை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பிழையாகும். நம்பக்கூடிய கணக்கு வாற்மணி, அதாவது உள்ளே மொத்தம் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பது, பின்பக்கத்தில் டபிள்யூஎச் (Wh) என்று இருக்கும். 20000 எம்ஏஎச் என்றால் 20 அம்பியர்மணி, அதை 3.7 ஆல் பெருக்கினால் 74 வாற்மணி. 10000 என்றால் 37. முன்பக்கம் 20000 என்றும் பின்பக்கம் 37 வாற்மணி என்றும் இருந்தால் அந்தப் பெட்டியே தன் பொய்யை ஒத்துக்கொள்கிறது, வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அந்த 74உம் முழுதாகப் போனுக்கு வராது. குளத்தில் திறந்துவிட்ட தண்ணீர் எல்லாம் கடைசி வயலுக்கு வந்து சேருவதில்லை, வாய்க்காலிலேயே ஒரு பங்கு போய்விடும் அல்லவா, அதே மாதிரித்தான். வோல்ட்டை உயர்த்துகிற சர்க்கியூட்டில் கொஞ்சம் சூடாகப் போகும், கேபிளில் கொஞ்சம், போனுக்குள்ளேயே கொஞ்சம். ஒழுங்கான கொம்பனிகள் இதை மறைப்பதில்லை, ‘ரேட்டட் கப்பாசிற்றி’ (Rated Capacity) என்று தனியாகப் போட்டிருப்பார்கள். 20000 பாங்க் ஒன்றில் 5 வோல்ட்டுக்கு அது 12000 அளவில் இருக்கும். பலர் இதைப் பார்த்துவிட்டு ‘ஏமாத்திப்போட்டாங்கள்’ என்று கோபப்படுகிறார்கள், உண்மையில் அந்த வரியை அச்சடித்தவர்தான் நேர்மையானவர். 5000 எம்ஏஎச் போன் ஒன்றை நல்ல 20000 பாங்க் இரண்டரை தொடக்கம் மூன்று தடவை நிரப்பும். ‘நாலு தரம் ஏறும்’ என்று சொல்கிறவர் 20000ஐ 5000ஆல் பிரித்துவிட்டுச் சொல்கிறார்.

அடுத்தது தராசு. இதை நான் எல்லாருக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு இங்கிலீசும் தேவையில்லை, படிப்பும் தேவையில்லை. லித்தியம் பற்றரியில் ஒரு கிலோவுக்குள் ஏறத்தாழ 250 வாற்மணிதான் அடைக்கலாம். அப்படியென்றால் 74 வாற்மணிக்கு உள்ளே இருக்கிற பற்றரி மட்டுமே 300 கிராம் அளவில் வந்துவிடும், கோதும் சர்க்கியூட்டும் அதற்கு மேல். 20000 என்று சொல்கிற பாங்க் 300 கிராமுக்குக் கீழே நின்றால் நம்பாதீர்கள். 50000 என்றால் 185 வாற்மணி, பற்றரி மட்டும் முக்கால் கிலோவுக்குக் கிட்ட வரவேண்டும். சட்டைப் பைக்குள் போகிற 50000 பாங்க் என்று ஒன்று கிடையவே கிடையாது. பக்கத்துப் பலசரக்குக் கடையில் டிஜிட்டல் தராசு இருக்கும், கேட்டால் வைத்துப் பார்க்க விடுவார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: நிறை குறைந்தால் பொய் என்பது நிச்சயம், ஆனால் நிறை சரியாக இருப்பதால் மட்டும் உண்மை என்று ஆகாது. உள்ளே மணலை அடைத்துப் பாரம் கூட்டின போலிகளும் பிடிபட்டிருக்கின்றன.

கடைக்காரரிடம் கேட்கும்போது ‘நல்லதா’ என்று கேட்காதீர்கள், எல்லாமே நல்லது என்றுதான் சொல்வார். ‘அண்ணை, இது எத்தனை வாற்மணி? பின்னாலை போட்டிருக்கிற இடத்தைக் காட்டுங்கோ’ என்று கேளுங்கள். காட்டுகிறவரிடம் வாங்கலாம். ‘தம்பி, அதெல்லாம் பார்க்கத் தேவையில்லை, நல்லாப் போகுது’ என்கிறவரிடம் வேண்டாம்.

ஃபாஸ்ட் சார்ஜிங் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 22.5 வாற் என்று போட்டிருந்தாலும் போனும் கேபிளும் அதை ஏற்கிற வகையாக இருந்தால்தான் அந்த வேகம் வரும். உங்கள் போன் 10 வாற் மட்டும் எடுக்கிற போன் என்றால் அதற்காக மேலதிகக் காசு கொடுக்காதீர்கள். ஆனால் பவர்பாங்க் தான் நிரம்புகிற வேகத்தைக் கட்டாயம் பாருங்கள், இதை ஒருவரும் விளம்பரம் செய்வதில்லை. பின்பக்கத்தில் ‘இன்புட்’ (Input) என்ற வரியில் 5 வோல்ட் 2 அம்பியர் மட்டும்தான் என்றால் அது 10 வாற், 20000 பாங்க் நிரம்ப எட்டு ஒன்பது மணித்தியாலம் பிடிக்கும். 18 வாற் என்றால் ஐந்து மணித்தியாலம் அளவில். கரண்ட் வந்து வந்து போகிற நாட்களில் இந்த வித்தியாசம்தான் பெரிது. சார்ஜரும் அந்த அளவுக்குக் கொடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும், பழைய போனோடு வந்த 5 வாற் சார்ஜரில் போட்டுவிட்டுப் பாங்கைக் குறை சொல்லக்கூடாது.

இனி சோலார் பவர்பாங்க். வன்னி வெயிலைக் கண்டு இதை வாங்குகிறவர்கள் நிறையப் பேர், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உச்சி வெயில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1000 வாற் கொடுக்கும், நல்ல பனல் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கரண்டாக்கும். அதாவது ஒரு சதுர அடிப் பனலுக்கு அதிகபட்சம் 20 வாற் என்று வைத்துக்கொள்ளுங்கள். பவர்பாங்கின் முதுகில் ஒட்டியிருக்கிற பனல் சதுர அடியில் பத்தில் ஒரு பங்கு, ஆகவே நல்ல நேரத்தில் 2 வாற், நடைமுறையில் ஒன்றரை. 74 வாற்மணியை ஒன்றரையால் பிரித்துப் பாருங்கள், 49 வரும், வழியில் போகிறதையும் சேர்த்தால் 50 மணித்தியாலத்துக்கு அதிகமான நேர் வெயில் தேவை. ஒரு நாளில் ஐந்து மணித்தியாலம் நல்ல வெயில் என்றால் பத்து நாளுக்கு மேல். மாரியில் அந்தக் கணக்கும் இல்லை.

அதைவிட மோசம் சூடு. லித்தியம் பற்றரியை 45 பாகைக்கு மேலான சூட்டில் சார்ஜ் செய்யக்கூடாது. சித்திரை வெயிலில் கறுப்புக் கோதோடு வரம்பில் வைத்த பவர்பாங்க் அதைச் சுலபமாகத் தாண்டும். பனல் வேலை செய்ய வெயில் வேண்டும், பற்றரி பிழைக்க நிழல் வேண்டும், இரண்டையும் ஒரே கோதுக்குள் வைத்தால் ஒன்று மற்றதைக் கெடுக்கும். உண்மையாகவே வெயிலில் சார்ஜ் ஏற்றவேண்டிய தேவை உள்ளவர்கள், காவல் குடிலில் இரவுகளைக் கழிக்கிறவர்கள் மாதிரி, யூஎஸ்பி போர்ட் உள்ள 20 வாற் பனலைத் தனியாக வாங்கி, பனலை வெயிலிலும் பாங்கைக் குடில் நிழலிலும் வையுங்கள். நல்ல வெயிலில் ஒரு முழுநாளில் 20000 பாங்க் நிரம்பும்.

சக்தி எங்கிருந்து வருகிறது என்ற இதே கேள்வியை, காட்டோரக் கிராமங்களில் விற்கிற ‘சிக்னல் கூட்டும் ஸ்ரிக்கர்’ மேலும் கேளுங்கள். பற்றரியோ கரண்டோ இல்லாத ஒரு ஸ்ரிக்கரால் எந்தச் சிக்னலையும் பெருக்க முடியாது. அந்தக் காசுக்கு டேற்றா கார்ட் போடலாம்.

வாங்கிக் கொண்டுவந்த முதல் வாரத்திலேயே வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். பவர்பாங்கை முழுதாக நிரப்புங்கள். போனை ஃபிளைட் மோடில் போட்டு, 20 வீதத்திலிருந்து 80 வீதம் வரை ஏற்றுங்கள், பிறகு பாவித்து இறக்கிவிட்டு மறுபடியும் ஏற்றுங்கள். பாங்க் சாகும் வரை ஏறின வீதங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். 5000 எம்ஏஎச் போன் என்றால் 20000 பாங்கில் மொத்தம் 250 தொடக்கம் 300 வீதம் வரவேண்டும். 120, 130 என்று நின்றுவிட்டால் உள்ளே இருப்பது 10000 அளவுதான். பாங்கில் எரிகிற நாலு சின்ன லைற்றை இதற்கு நம்பாதீர்கள், அவை வெறும் மதிப்பீடு.

வெளிநாட்டுக்குப் போகிறவருக்கோ வந்து திரும்புகிறவருக்கோ வாங்கிக் கொடுப்பதென்றால் இன்னொரு காரணமும் இருக்கிறது. விமானத்தில் 100 வாற்மணி வரைதான் சாதாரணமாக விடுவார்கள், அதுவும் கைப்பையில் மட்டும். 100க்கு மேல் 160 வரைக்கு விமானக் கொம்பனியின் அனுமதி வேண்டும். 50000 என்று எழுதியிருந்தால் உள்ளே என்ன இருந்தாலும் எழுத்தின்படி 185 வாற்மணி, கட்டுநாயக்காவில் பறிகொடுக்க வேண்டியதுதான்.

பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம். பில்லில் மொடல் பெயரும் சீரியல் நம்பரும் கடையின் முத்திரையும் இருக்கட்டும். ‘ஒரு வருச வாரண்டி’ என்றால் எங்கே திருத்துவார்கள், கொழும்புக்கு அனுப்புகிற செலவு யாருடையது, மாற்றுச் சாமான் தருவார்களா என்று வாங்க முதல் கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒன்லைனில் எடுத்தால் பார்சலைப் பிரிப்பதை லேபிள் தெரிய வீடியோ எடுங்கள், விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், விற்றபிறகு அந்தப் பக்கம் காணாமல் போவது புதுமை இல்லை. சீரியல் நம்பருக்கு இன்னொரு பயனும் உண்டு. 2025 ஜூனில் அங்கர் கொம்பனி அமெரிக்காவில் விற்ற 11 இலட்சத்துக்கு மேற்பட்ட பவர்பாங்குகளைத் தீப்பிடிக்கும் ஆபத்தால் திரும்ப அழைத்தது. பெயர்பெற்ற கொம்பனிக்கே அப்படி நடக்கும், ஆனால் பெயர் உள்ள கொம்பனி என்றபடியால்தான் திரும்ப அழைக்கவாவது ஆள் இருந்தது.

பாங்க் ஊதிப்போனால், கோது பிரிந்தால், சார்ஜ் போடாமலே சூடானால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். குத்தாதீர்கள், அமுக்காதீர்கள். முக்கியமாக, வளவுக் குப்பையோடு போட்டு எரிக்காதீர்கள், வெடிக்கும். எரியக்கூடியது எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, பழைய பற்றரி எடுக்கிற இடத்தில் ஊதியிருப்பதைச் சொல்லிக் கொடுங்கள்.

சோதனையில் பொய் என்று தெரிந்தால் முதலில் கடைக்குப் போங்கள், சண்டைக்கு இல்லை, எழுதி வைத்த தாளோடு. பல கடைக்காரர்களுக்கே மொத்த வியாபாரி என்ன கொடுத்தார் என்று தெரியாது, மாற்றித் தருவார்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுங்கள், அப்புறம் நாள் கடத்தாமல் எழுத்திலும் முறைப்பாடு கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. முறைப்பாட்டோடு பில்லின் பிரதி, பெட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும் தெரிகிற படங்கள், பவர்பாங்க் தராசில் இருக்க நிறை தெளிவாகத் தெரிகிற படம் ஒன்று, இவற்றை வையுங்கள். மூலப் பில்லை ஒருவரிடமும் கொடுக்காமல் உங்களிடமே வைத்திருங்கள்.