நெல்லி பிளையை படிக்கும்போது நாம பண்ற தப்புங்க

வேலூர்ல நாங்க நாலஞ்சு பேர் ஞாயித்துக்கிழமைல சேர்ந்து உக்காந்து படிக்கிறோம், காலேஜ் பொண்ணுங்கதான் அதிகம். போன மாசம் நெல்லி பிளைங்கற அமெரிக்க லேடி ரிப்போர்ட்டர் எழுதின "டென் டேஸ் இன் எ மேட்-ஹவுஸ்" புக். அப்போ நாங்களே பண்ண தப்புங்களைத்தான் எழுதறேன், புதுசா படிக்கறவங்களுக்கு உதவும்.

முதல் தப்பு, "பைத்தியம் மாதிரி நடிச்சு ஆஸ்பத்திரிக்குள்ள போன ரிப்போர்ட்டர்"னு ஒரே வரில முடிச்சிடறது. 1887ல, 23 வயசுல, நியூயார்க் வேர்ல்ட் பேப்பருக்காக நியூயார்க்ல இருக்கற பிளாக்வெல்ஸ் தீவு மனநோய் ஆஸ்பத்திரில பத்து நாள் இருந்தாங்க, சரி. ஆனா பத்து நாளும் நடிச்சாங்கன்னு நினைச்சிட்டா புக்கே கை நழுவிடும். நடிப்பெல்லாம் உள்ள போற வரைக்கும்தான், தீவுல கால் வச்சதும் எப்பவும் போல பேச ஆரம்பிச்சிட்டாங்க, தெளிவா பேசப் பேச டாக்டருங்க இன்னும் முத்திடுச்சுன்னு முடிவு பண்றாங்க, கடைசில பேப்பர்காரங்க வக்கீல் அனுப்பித்தான் வெளிய வந்தாங்க. அப்போ உள்ள இருக்கற மத்த பொம்பளைங்களுக்கு யார் வக்கீல் அனுப்புவாங்க?

அடுத்தது, தைரியத்தை பாத்து அசந்துபோய் அவங்க பாத்ததை விட்டுடறது. இதுலதான் நாங்க ரொம்ப சறுக்கினோம். லூயிஸ் ஷான்ஸ்னு ஒரு ஜெர்மன் அம்மா வர்ற இடத்தை ரெண்டு தடவை படிங்க. டாக்டர் இங்கிலீஷ்ல பேர் கேக்கறார், அந்தம்மா ஜெர்மன்ல பதில் சொல்றாங்க. பக்கத்துல நிக்கற நர்ஸ் ஜெர்மன் குடும்பத்துப் பொண்ணுதான், ஆனா எனக்கு ரெண்டு மூணு வார்த்தைதான் தெரியும்னு கைய விரிச்சிடறாங்க. அந்தம்மா என்ன சொல்றாங்கன்னே தெரியாம உள்ள தள்ளிடறாங்க. நம்ம ஊர் காந்தி ரோட்டுல மருந்துக்கடை, லாட்ஜ், மெஸ் எல்லாத்துலயும் பெங்காலில போர்டு இருக்கே, சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு அவ்ளோ தூரத்துல இருந்து வந்து ரிப்போர்ட் கவரை மார்போட அணைச்சிக்கினு வழி கேக்கத் தெரியாம நிக்கற ஜனங்களை தினமும் பாக்கறோமே, அவங்க முகத்தை மனசுல வச்சி அந்தப் பக்கத்தை படிச்சா தொண்டை அடைக்குது.

குளிக்கிற இடமும் அப்படித்தான், பச்சைத் தண்ணிய பக்கெட் பக்கெட்டா தலைல ஊத்தறாங்க, ஒருத்தர் குளிச்ச தண்ணிலயே அடுத்தவங்க. காலைல 6 மணில இருந்து ராத்திரி 8 மணி வரைக்கும் பெஞ்சுல ஆடாம அசையாம உக்காரணும், பேசக்கூடாது. நல்லா இருக்கறவங்களையே ரெண்டு மாசம் இப்படி வச்சா என்ன ஆவாங்கன்னு அவங்க கேக்கறாங்க, புக்கோட உயிரே அந்தக் கேள்விதான். இங்க பாகாயத்துல இருக்கற சிஎம்சி மனநல ஆஸ்பத்திரில மனநோயாளி கூட வீட்டு ஆளுங்களும் தங்கித்தான் வைத்தியம் பாக்கறாங்க, அது எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்கு இதை படிச்சப்புறம்தான் உறைச்சிது.

இன்னொண்ணு, அவங்க எழுதினதாலதான் கவர்மெண்ட் மனநோயாளிங்களை பாத்துக்க கூடுதலா பத்து லட்சம் டாலர் குடுத்துச்சுன்னு அடிச்சி சொல்லிடறது. கூடுதல் பணம் வந்தது நிஜம், ஆனா அந்தப் பேச்சு ஏற்கனவே ஓடிக்கினுதான் இருந்துச்சு, அவங்க எழுத்து அதை வேகமா தள்ளி விட்டுச்சுன்னு சொன்னா சரியா இருக்கும். உலகத்தை 72 நாள்ல சுத்தி வந்ததைப் பத்தி அவங்க எழுதின இன்னொரு புக்கை படிக்கறவங்க ஒண்ணு கவனிங்க, கொழும்புல கப்பலுக்கு காத்துக்கினு இருந்ததெல்லாம் ரசிச்சு படிக்கலாம், ஆனா சீனாக்காரங்களை பத்தி எழுதறப்ப அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க பார்வை அப்படியே ஒட்டியிருக்கு, அதுக்கெல்லாம் தலையாட்ட வேணாம்.

"அக்கா, நாமளும் மாறுவேஷத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குள்ள போலாமா"ன்னு ஒரு பொண்ணு கேட்டா. வேணாம்மா, நோயாளிங்க பேரும் கதையும் அவங்களோடது, இன்னைக்கு அதுக்கு சட்டமே இருக்குன்னு சொன்னேன். ஆர்டிஐ போடு, வெளிய வந்தவங்க கிட்ட உக்காந்து பேசு.

கடைசியா, பைத்தியக்கார ஆஸ்பத்திரி முடிஞ்சதும் புக்கை மூடிடாதீங்க. பின்னாடி வேலைக்காரியா போன கதையும் அட்டைப்பெட்டி கம்பெனி கதையும் இருக்கு, புதுசா சேர்ற பொண்ணுங்க முதல் ரெண்டு வாரம் சம்பளமே இல்லாம செய்யணும். அதை சத்தமா படிச்சப்போ குடியாத்தத்துல இருந்து வர்ற பொண்ணு புக்கை வாங்கி அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்துக்கினா, தீப்பெட்டி ஒட்டின எங்க ஆயாவுக்கு படிச்சி காட்டணும்னு.