சுரங்கக் கம்பெனியோடு பேச உட்காரும் முன்: கனடாவின் வடக்கே ஓர் ஊர் கேட்டு வாங்க வேண்டியவை

கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிகளில் ஒரு வைரச் சுரங்கம் இருபது, முப்பது ஆண்டுகளில் தீர்ந்துவிடும். அது கொட்டிய பாறைக் குவியலும் அதிலிருந்து கசியும் நீரும் தீராது. ஆகவே பேச்சைச் சம்பளத்திலோ பங்குத்தொகையிலோ தொடங்காதீர்கள். சுரங்கத்தை மூடும் செலவுக்கான வைப்புத்தொகையில் தொடங்குங்கள்.

அந்நிலப்பகுதிகளின் தலைநகர் யெல்லோநைஃபை ஒட்டிய ஜயண்ட் தங்கச் சுரங்கம் இதற்குச் சாட்சி. தாதுவை வறுத்துப் பொன் எடுத்தபோது வெளிவந்த ஆர்செனிக் ட்ரையாக்சைடு தூள் 2,37,000 டன் நிலத்தடி அறைகளில் கிடக்கிறது. அது நீரில் கரையும் நஞ்சு. உரிமையாளர் நிறுவனம் 1999-ல் திவாலானது. சுத்தம் செய்யும் பொறுப்பு அரசின் தலையில் விழுந்தது. அறைகளைச் சுற்றியுள்ள பாறையை உறைய வைத்துத் தூளை அங்கேயே பூட்டுவதுதான் திட்டம். மொத்தச் செலவு மதிப்பீடு 400 கோடி கனடிய டாலரைத் தாண்டிவிட்டது.

வைப்புத்தொகை முடிவாகும் இடம் நில, நீர் வாரியத்தின் உரிம விசாரணை. வேலை, பணம் போன்ற பலன்களுக்காக ஊர் கம்பெனியோடு தனியாகப் போடும் பலன் ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. விசாரணைக்கு உங்கள் சொந்தப் பொறியாளரோடு போங்கள். கம்பெனியின் மதிப்பீடு பெரும்பாலும் தன் லாரி, தன் ஆட்கள், தன் முகாம் என்ற கணக்கில் குறைவாக வரும். திவாலானால் லாரிகள் விற்கப்பட்டிருக்கும். வெளி ஒப்பந்தக்காரர் வந்து செய்தால் என்ன விலையோ அதைக் கேளுங்கள். டீசலும் கனரக வண்டிகளும் உறைந்த ஏரிகள் மேல் போடும் குளிர்காலப் பாதையில்தான் போக வேண்டும். டிபிட் ஏரியில் தொடங்கும் பாதை ஆண்டில் ஏறக்குறைய இரண்டு மாதமே திறந்திருக்கும். ஒரு பருவம் தவறினால் ஓராண்டுக் காவல் செலவும் நீர் சுத்திகரிப்புச் செலவும் கூடும். அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

தாய் நிறுவனத்தின் உறுதிக் கடிதத்தை ஏற்காதீர்கள். தாயும் விழுந்தால் அது வெறும் காகிதம். ரத்து செய்ய முடியாத வங்கி உத்தரவாதமாக வேண்டும், ஒவ்வொரு கட்டத் தோண்டலும் தொடங்கும் முன்பே வேண்டும். குவியலை மண்ணால் மூடியதும் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். கசிவு நீரின் அளவீடுகள் பல ஆண்டு நிலையாக இருக்கும் வரை ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள்.

கழிவுப் பாறையில் எவ்வளவு கந்தகம் என்பது அடுத்த கேள்வி. சல்ஃபைடு பாறை காற்றும் நீரும் பட்டால் அமிலம் கக்கும். அமிலம் உலோகங்களைக் கரைத்து ஏரிக்குக் கொண்டுபோகும். டயவிக் வைரச் சுரங்கத்தில் கந்தகம் 0.04 சதவீதத்துக்குக் கீழே உள்ள பாறையையும் 0.08-க்கு மேல் உள்ளதையும் தனித்தனியே பிரித்தார்கள். அங்கே நடந்த சோதனைக் குவியல் ஒன்றில் மோசமான பாறை மேல் 1.5 மீட்டர் பனியாற்றுப் படிவ மண்ணும், அதன் மேல் 3 மீட்டர் நல்ல பாறையும் போர்த்தினார்கள். நோக்கம், உட்பகுதி கோடையிலும் உறைந்தே இருப்பது. வெப்பம் கூடினால் இந்த உறைவு நிற்குமா என்ற கணக்கையும் எழுத்தில் வாங்குங்கள்.

முதல் வெடி வைக்கும் முன்பே ஏரி நீரை அளந்து வைக்காவிட்டால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. கோடையில் மட்டும் எடுத்தால் போதாது. குளிர்காலக் கடைசியில், பனிக்கட்டிக்கு அடியில் ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கும்போதும் எடுக்க வேண்டும். கரைந்த உலோகத்துக்கான மாதிரியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் 2-க்குக் கீழே இறக்குங்கள். மொத்த உலோகத்துக்கு வடிக்காமலே அமிலம் சேர்க்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டால் அந்தப் பருவத்தின் தரவு வீண். வழியில் மாதிரி உறையவிடாதீர்கள், புட்டி வெடிக்கும். தூய நீர் நிரப்பிய வெற்று மாதிரி ஒன்றையும் கூடவே அனுப்பினால், மாசு ஏரியிலிருந்து வந்ததா கையிலிருந்து வந்ததா என்று தெரியும்.

பாறையிலும் தரையிலும் பாசி போலப் படரும் லைக்கனையும் சேகரியுங்கள். கரிபூ மான்கள் குளிர்காலத்தில் நம்பியிருக்கும் உணவு அது. சாலைத் தூசு அதில் படியும். இப்பகுதியின் கரிபூ மந்தைகளில் ஒன்றான பாதர்ஸ்ட் மந்தை 1986-ல் ஏறக்குறைய 4,70,000. 2018-ல் சுமார் 8,200. சரிவுக்குச் சுரங்கம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் மீதியிருக்கும் மந்தைக்கு ஒவ்வொரு சாலையும் சுமைதான். மந்தை நெருங்கும்போது லாரிகள் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் நிற்க வேண்டும், யார் சொன்னால் நிற்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

இதையெல்லாம் கண்காணிக்கத் தனிக் குழு தேவை. எகாட்டி வைரச் சுரங்கத்துக்கு 1997 ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு சுயேச்சைக் குழு அமைந்தது. பணம் கம்பெனியுடையதாக இருக்கலாம். உறுப்பினர்களில் ஊர்கள் நியமிப்பவர்கள் இருக்க வேண்டும், குழுவின் பரிந்துரைக்கு எழுத்தில் பதில் வர வேண்டும்.

வேலைவாய்ப்பில் 'இத்தனை பேரைச் சேர்ப்போம்' என்ற வாக்குறுதியை வாங்காதீர்கள். மூன்றே மாதத்தில் விலகியவரும் அந்தக் கணக்கில் வந்துவிடுவார். ஓர் ஆளின் ஓராண்டு உழைப்பை ஓர் அலகாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். விமானம் ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஆட்களை ஏற்ற வேண்டும்; யெல்லோநைஃபிலிருந்து மட்டும் என்றால் குடும்பங்கள் நகரத்துக்குக் குடிபெயரும். மூடும் பணிக்கான ஒப்பந்தங்களில் ஊர் நிறுவனங்களுக்கு முன்னுரிமையை இப்போதே எழுதி வாங்குங்கள்.